ஒரே கதவு எண்ணில் நாற்பத்து மூணு பேர்

உள்ள வாங்கம்மா, வாங்க. செருப்ப அந்த ஓரமா விட்டுருங்க. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது ஆடும், இதுல உக்காருங்க. வீட்டுக்காரர் கொண்டாந்து விட்டாரா? வெளியில கார்லயே இருக்காரா? சரி, இருக்கட்டும்.

தமிழ்ச் சங்கத்து வாட்ஸாப்புல ஆள் வேணும்னு நான் போட்டதப் பாத்துட்டு ஆறு பேர் கூப்பிட்டாங்க. நேர்ல வந்தது நீங்க ஒருத்தர்தான். இலக்கியான்னுதான சொன்னீங்க? நான் வைத்திலிங்கம். இங்க எல்லாருக்கும் மிஸ்டர் லிங்கம். முழுப்பேரச் சொல்லச் சொன்னா இந்த ஊர்க்காரங்களுக்கு மூச்சு வாங்கும். முப்பத்தொரு வருஷமாச்சு அமெரிக்காவுல இந்தத் தெற்கு மாநிலத்துக்கு வந்து.

அதோ ஜன்னல் ஓரமா சக்கர நாற்காலியில உக்காந்திருக்கால்ல, அவதான் என் சம்சாரம், மங்கையர்க்கரசி. பக்கவாதம் வந்து ரெண்டரை வருஷம் ஆச்சு. வலது கை, வலது கால் வராது. பேச்சும் போயிருச்சு. காது மட்டும் பாம்புக் காது. நாம பேசறது பூராத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. இடது கையில ஸ்பூன் வச்சிருக்கா பாருங்க, முன்னாடி ஒரு கப்பு. அதுல தட்டுவா. எர்லீன் பழக்கிவிட்டுட்டுப் போன வேலை. ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்ல. எனக்கு அதுல பெருசா நம்பிக்கை கிடையாது. கை தானா ஆடுது. டாக்டர்கிட்டக் கேட்டேன், அப்படியும் இருக்கலாம்னாரு.

எர்லீன் யாருன்னா, உங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவ. கறுப்பினப் பொம்பளை, அறுபது வயசு இருக்கும். பதினாலு மாசம் இவளக் குளிப்பாட்டி, சோறூட்டி, தலை சீவி எல்லாம் அவதான். ஒருநாள் திடுதிப்புன்னு நின்னுட்டா. அதப் பத்தி உங்ககிட்ட நானே சொல்லிடறேன், ஏன்னா வெளியில வேற மாதிரிப் பேசறாங்க. சங்கத்துல ரெண்டு பேரு என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. சியாட்டில்ல இருக்கற என் மக நித்திலா, அவ அம்மாவுக்கு மட்டும்தான் வீடியோவுல வர்றா. போனைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது நான். என்னை ஒரு வார்த்தை சாப்பிட்டியான்னு கேக்க மாட்டா. நடந்தத நடந்தபடி சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இந்த நாட்டு மேல எனக்கு இருக்கற பிரியம் இங்க பொறந்தவனுக்கே இருக்காது. குடியுரிமை வாங்கின அன்னைக்கு எழுபது பேரு ஒரு ஹாலுல நின்னோம். சோமாலியாக்காரன், வியட்நாம்காரன், எல்லாத் தேசமும். ஜட்ஜம்மா சொன்னாங்க, இந்த நிமிஷத்துலேருந்து உங்களுக்கும் இங்க பத்துத் தலைமுறையா இருக்கறவனுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லைன்னு. நான் அழுதுட்டேம்மா. அந்த ஃபிரிட்ஜப் பாருங்க, வட்ட வட்டமா ஒட்டியிருக்குல்ல. ஓட்டுப் போட்டுட்டு வந்தா சட்டையில ஒட்டிக்கச் சொல்லிக் குடுக்கற ஸ்டிக்கர். ஒரு எலெக்ஷன் விட்டதில்ல நான். நாய் பிடிக்கறதுக்கு அதிகாரி வேணுமான்னு கேட்டு ஓட்டு வச்சாங்க ஒரு தரம், அதுக்கும் போனேன்.

ஏன் இவ்வளவு வெறின்னு கேட்டா, என் முதல் ஓட்டு திருட்டுப் போச்சு. நான் மன்னார்குடிக்குப் பக்கத்துல நெடுங்கரை. எண்பதாம் வருஷம், எனக்கு இருபத்தி மூணு வயசு. வெள்ளைச் சட்டையப் பொட்டி போட்டுக் குளிச்சு முழுகிட்டு பூத்துக்குப் போறேன், உள்ள உக்காந்திருந்தவரு பட்டியலப் பாத்துட்டு, தம்பி உங்க ஓட்டு விழுந்துருச்சேங்கறாரு. சுத்தி நின்னவனெல்லாம் சிரிக்கறான். நாப்பது வருஷம் ஆச்சு, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு. அப்புறம் பட்டியல வாங்கிப் பாத்தோம். இடிஞ்சு கிடந்த நெல்லு மில்லு ஒண்ணு, அந்த ஒரே கதவு எண்ணுல முப்பது பேர எதிர்க்கட்சிக்காரன் எழுதி வச்சிருந்தான். அந்த ஆளுங்கதான் லாரியில வந்து கைக்குக் கிடைச்ச பேர்ல எல்லாம் குத்திட்டுப் போனது. அன்னைக்குக் கத்துக்கிட்டேன். ஒரே கதவு எண்ணுல கூட்டமா பேரு இருந்தா அது கள்ள ஓட்டு. இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது.

அதுக்கு முன்னாடி எங்கப்பா கையில இருந்தவரைக்கும் ஒரு ஒழுங்கு இருந்துச்சு. எங்கப்பா பெரிய தலைக்கட்டு. சுத்துப்பட்டுல நாலு ஊரு காலனி ஓட்டும் அவருதான் பாத்துக்குவாரு. பாவம், கூலிக்குப் போற சனங்க. வரிசையில நின்னா அன்னைக்குப் பொழப்பு போயிரும். நீங்க நடவப் பாருங்கடா, மத்தத நாங்க பாத்துக்கறோம்னு அனுப்பிருவாரு. அவங்களும் சந்தோஷமாப் போயிருவாங்க. அது வேற, இது வேற.

தட்டறா பாருங்க. ரெண்டு. தண்ணி வேணுமா மங்கை? தண்ணி வேணாங்கறா. என்னமோ.

இங்க நான் பட்டதும் கொஞ்சம் இல்லம்மா. இருபத்தாறு வருஷம் ஒரே கம்பெனியில டிசைன் இன்ஜினியர். நான் வேலை சொல்லிக் குடுத்த பையன் எனக்கு மேல வந்து உக்காந்தான். ஒரு தரம் இல்ல, மூணு தரம். கடையில வரிசையில நின்னா, எனக்குப் பின்னாடி நிக்கறவனப் பாத்து என்ன வேணும்னு கேப்பாங்க. எல்லாரும் சமம்னு ஜட்ஜம்மா சொன்னத நம்பிக்கிட்டு நான் பொறுத்துப் போனேன். இந்தத் தெருவுல பத்தொம்பது வருஷமா இருக்கோம். பத்தொம்பது வருஷத்துல ஒரு வெள்ளைக்காரன் இந்த வாசப்படிய மிதிச்சதில்ல.

முதல்ல மிதிச்சவன் வெய்ன். எதுத்த வீடு. கார்பெட் மில்லுல முப்பது வருஷம் வேலை பாத்தவன், மில்லு ஒரே நாள்ல மூடிட்டான், அதுலேருந்து ஆளு உடைஞ்சு போயிட்டான். யாரும் எங்கள மதிக்கறதில்ல, ஓட்டுப் போட்டும் பிரயோசனம் இல்ல, எண்ணறவன் எண்ணிக்கறான்னு புலம்புவான். நியாயமான கோபந்தான். அவங்க அஞ்சாறு பேரு சேர்ந்து கவுன்டி ஆபீசுல வாக்காளர் பட்டியல வாங்கி வச்சிருந்தாங்க. இந்த மாநிலத்துல ஒரு சட்டம் இருக்கு, ஓட்டுரிமை இருக்கற யாரு வேணாலும் இன்னொரு ஆளு ஓட்டு செல்லாதுன்னு எழுதிக் குடுக்கலாம். எத்தனை பேர வேணாலும். பட்டியலப் பிரிச்சு மேயறதுக்கு அவங்கள்ல யாருக்கும் பொறுமை கிடையாது. நீ இன்ஜினியர், உனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு, வந்து உதவி பண்ணுன்னு என்னைக் கேட்டான். இதோ, நீங்க உக்காந்திருக்கற நாற்காலியில உக்காந்து கேட்டான்.

அந்த வாரமே அவன் வீட்டுப் பின்பக்கம் விருந்துக்குக் கூப்பிட்டான். நான் கறி சாப்பிடறதில்ல. எனக்குன்னு தனியா நாலு மக்காச்சோளம் சுட்டு வச்சிருந்தான். எல்லாரும் என் தோள்ல கை போட்டுப் பேசினாங்க. இந்த நாட்டுல சமமா உக்காந்தேன்னு நான் நெனைச்சது அன்னைக்குத்தான்.

இப்ப எர்லீனுக்கு வர்றேன். நல்லவதான், இல்லைன்னு சொல்லல.

ஒண்ணு. கேட்டீங்களா? நல்லவன்னதும் ஒரு தட்டு. சில நேரம் பொருந்திப் போகும்.

முதல் நாள் வந்தா, வேலையெல்லாம் முடிச்சா, அலமாரியத் திறந்து ஒரு எவர்சில்வர் டம்ளர எடுத்து மடக்கு மடக்குன்னு தண்ணி குடிச்சுட்டு அப்படியே உள்ள வச்சுட்டா. மங்கையோட டம்ளர் அது. நான் மறுநாளே கடைக்குப் போயி அழகா ஒரு பீங்கான் கப்பு வாங்கி, எர்லீன்னு பேரு அச்சடிச்சு, அதோ அந்தச் சின்ன ஸ்டூல் மேல தனியா வச்சுட்டேன். அதுக்குன்னு தனி ஸ்பூன். பேரு போட்டுக் குடுத்தா எந்த வேலைக்காரிக்குக் கிடைக்கும் அந்த மரியாதை? அவளும் பாத்துட்டு ரொம்ப நேரம் கையில வச்சுத் திருப்பிக்கிட்டே இருந்தா. அப்புறம் தேங்க்யூன்னா. சந்தோஷந்தான்னு நெனைக்கறேன். மங்கை முன்னாடி வச்சிருக்கால்ல, அதே கப்புதான்.

ரெண்டு. இல்லையாம். அவளுக்கு என்ன தெரியும், அவ அப்ப ரொம்ப முடியாம இருந்தா.

எலெக்ஷன்னா எர்லீனுக்கும் உசுரு. அதுல நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி. அவ தாத்தா ஓட்டுக்குப் பேரு எழுதப் போனதுக்கு மரம் அறுக்கற மில்லுல வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களாம். மூணு தரம் போயி, மூணாவது தரந்தான் எழுதினாங்களாம். ஒருநாள் இவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டே சொன்னா, ‘நான் ஓட்டுப் போட்டு என் வாழ்க்கையில எதுவும் மாறினதில்ல மிஸ்டர் லிங்கம். ஆனா அந்த ஒருநாள் மட்டும், எனக்கு முன்னாடி நிக்கறவரு பேங்க் மேனேஜரா இருந்தாலும் அவரு காகிதமும் என் காகிதமும் ஒரே அளவு’ன்னா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அத நான் வெய்ன் வீட்டு விருந்துல சொன்னேன், எல்லாரும் கை தட்டினாங்க.

அவ எங்க இருந்தான்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்ல, அவ சொன்னதும் இல்ல. பஸ்ஸுல வருவா, பஸ்ஸுல போவா. ஒரே ஒரு தரம் அடைமழை, பஸ் ஓடலை. கார்ல ஏத்திக்கிட்டுப் போனேன். ஹைவே ஓரமா ஒரு பெட்ரோல் பங்க்குல இறக்கிவிடுங்க போதும்னா. வீட்டு வாசல்லயே விடறேன்னேன், இல்ல இல்ல இங்கயே போதும்னு இறங்கிட்டா. பின்னாடி ரெண்டு மாடி லாட்ஜு ஒண்ணு, வார வாடகைன்னு பெருசா போர்டு. மழையில நனைஞ்சுக்கிட்டு அந்தப் பக்கமாத்தான் ஓடினா. நான் என்ன நெனைச்சேன்னா, மழைக்கு ஒதுங்கப் போறான்னு நெனைச்சேன்.

இருங்க, தட்டிக்கிட்டே இருக்கா. ரெண்டு, ரெண்டு, ரெண்டு. கை வலிக்கப் போவுது மங்கை. விடு. பேசி முடிச்சுடறேன்.

பட்டியல இந்த மேசையில பரப்பிப் போட்டு மூணு மாசம் பாத்தேன். பகல் பூரா இதே வேலை. அடுத்த ரூம்ல எர்லீன் இவகிட்ட ஏதாவது பேசிக்கிட்டு இருப்பா, இங்க நான் மஞ்சப் பேனாவ வச்சுக்கிட்டுக் கோடு போட்டுக்கிட்டு இருப்பேன். செத்துப் போனவன், ஊர விட்டுப் போனவன்னு அங்கொண்ணு இங்கொண்ணு கிடைச்சுது. அப்பத்தான் ஒருநாள் கண்ணுல பட்டுச்சு, ஹைவேயில ஒரே கதவு எண், நாற்பத்து மூணு பேரு! நெல்லு மில்லு அப்படியே கண்ணு முன்னாடி வந்து நிக்குது. நாப்பது வருஷம் கழிச்சு மாட்டினான் திருடன்னு நெனைச்சேன். கார எடுத்துக்கிட்டு நேர்ல போயிப் பாத்தேன். லாட்ஜு. லாட்ஜுல யாராவது குடியிருப்பாங்களா, நீங்களே சொல்லுங்க. நம்ம ஊருல லாட்ஜுன்னா வந்தவன் ரெண்டு நாள் தங்கிட்டுப் போவான். முகவரி எழுதற எடமா அது?

ஆமா, அந்த பெட்ரோல் பங்க்குக்குப் பின்னாடி இருக்கற அதே லாட்ஜுதான்.

பட்டியல்ல எர்லீன்னு ஒரு பேரு இருந்துச்சு. இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. இந்த ஊர்ல எத்தனையோ எர்லீன் இருப்பாங்க. நாற்பத்து மூணு பேரையும் ஒரே மொத்தமாத்தான் எழுதிக் குடுக்கறோம். அதுல ஒருத்தர மட்டும் விட்டுட்டா அது என்ன நியாயம்? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான. தெரிஞ்சவங்கறதுக்காக விட்டா நமக்கும் நெல்லு மில்லுக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? தெரிஞ்சவன்னு சொல்ல வரலை. தெரியாது எனக்கு. ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

கையெழுத்து போடறப்ப என் பேருல போடலாம்னு வெய்ன் சொன்னான். உன் பேரு இருந்தா கனமா இருக்கும், யாரும் நம்மள இனவெறிக்காரன்னு சொல்ல முடியாதுன்னான். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. நான் ஒருத்தன்தான் கையெழுத்து.

கவுன்டியிலேருந்து நாற்பத்து மூணு பேருக்கும் கடிதாசி போச்சு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு விசாரணை, நேர்ல வந்து இங்கதான் குடியிருக்கேன்னு நிரூபிக்கணும்னு. அதே வாரம் திங்கக்கிழமை எர்லீன் வந்து கைய பிசைஞ்சுக்கிட்டு நிக்கறா. நாளைக்கு அரை நாள் லீவு வேணும், ஒரு ஆபீசு வரைக்கும் போகணும், போன்ல கேட்டா நேர்ல வரச் சொல்றாங்கன்னா. நான் சொன்னேன், அடடா, நாளைக்கா? நாளைக்கு எனக்கே முக்கியமான அரசாங்க வேலை ஒண்ணு இருக்கே, இவளத் தனியா விட முடியாதே, நீ அடுத்த வாரம் போயேன்னேன். பதினாலு மாசத்துல அவ லீவு கேட்டது அந்த ஒரு தரந்தான். கொஞ்ச நேரம் மங்கையப் பாத்தா. சரின்னுட்டா.

ஒண்ணு. ஆமாங்கறா. நடந்துதான. நான் மறைக்கலையே.

அந்த விசாரணை நடந்த விதத்தப் பாக்கணும்மா நீங்க. மேசைக்குப் பின்னாடி மூணு பேரு. ஆட்சேபணை எழுதிக் குடுத்தவனுக்கு மூணு நிமிஷம், பதில் சொல்றவனுக்கு மூணு நிமிஷம். சுவத்துல கடியாரம். கோடீஸ்வரனா இருந்தாலும் மூணு நிமிஷம்தான். என் இங்கிலீஷ்ல நான் மூணு நிமிஷம் பேசினேன், ஒருத்தன் குறுக்க பேசலை, ஒருத்தன் சிரிக்கலை. எண்பதாம் வருஷம் எனக்கு நடந்ததையும் சொன்னேன். நாற்பத்து மூணு பேருல நாலு பேரு வந்திருந்தாங்க. ஒருத்தி இடுப்புல கைக்குழந்தை. ஒருத்தன் சமையல்காரன், வேலை உடுப்போட. ஏதேதோ காகிதம் காட்டினாங்க, அவங்கள விட்டுட்டாங்க. மத்தவங்க பேர ஒண்ணொண்ணா படிக்கறாங்க. இருக்கீங்களான்னு கேப்பாங்க, பதில் வரலைன்னா பேர அடிச்சுருவாங்க. எர்லீன் டாக்கெட், இருக்கீங்களா? ரெண்டு தரம் கேட்டாங்க. நான் கடியாரத்தப் பாத்தேன். ரெண்டே முக்கால். ரெண்டே முக்கால்தான் மங்கைக்கு ஹார்லிக்ஸ் குடுக்கற நேரம். எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. எழுந்து நின்னு என்னன்னு சொல்றது? என் மூணு நிமிஷம் முடிஞ்சு போச்சே.

வீட்டுக்கு வந்தா, இவ வயிறு நிறையக் குடிச்சான்னு சிரிச்சுக்கிட்டே சொல்றா எர்லீன். உங்க வேலை நல்லபடியா முடிஞ்சுதா மிஸ்டர் லிங்கம்னு கேட்டா. முடிஞ்சுதுன்னேன். நல்லதுன்னா. அவ வேலையப் பத்தி நான் கேக்கலை.

அப்புறம் எலெக்ஷன் வந்துச்சு. நானே பெருந்தன்மையா சொன்னேன், நீ ஓட்டுப் போட்டுட்டு ஒரு மணி நேரம் லேட்டா வா, பரவாயில்லைன்னு. நானும் பக்கத்து வீட்டு அம்மாவ இவகிட்ட உக்கார வச்சுட்டு காலையிலயே போயி போட்டுட்டு வந்துட்டேன். எர்லீன் வந்தப்ப மணி பதினொண்ணு. நல்ல கவுன் போட்டிருந்தா, காதுல தோடு. சர்ச்சுக்குப் போற மாதிரி. நான் கேட்டேன், எங்க உன் ஸ்டிக்கர்னு.

அவ நேரா உள்ள போயி இவளக் குளிப்பாட்டினா. அன்னைக்குத் தலைக்கு ஊத்தினா. சிக்கெடுத்து, ரெட்டைப் பின்னல் போட்டு, சோறூட்டி, துணி துவைச்சு, எல்லாம் ஒண்ணு விடாம செஞ்சா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தக் கப்பக் கழுவித் துடைச்சு, ஸ்டூல் மேல வைக்காம மங்கை முன்னாடி கொண்டாந்து வச்சு, ஸ்பூன இவ கையில குடுத்தா. இவ கன்னத்துல கைய வச்சுக்கிட்டு என்னமோ பேசினா. எனக்குக் கேக்கலை. மங்கை அழுதா.

அப்புறம் என்கிட்ட வந்தா. பூத்துல அவ பேரு இல்லைன்னுட்டாங்களாம். ஓட்டத் தனியா ஒரு உறையில போட்டுட்டுப் போங்க, மூணு நாளைக்குள்ள வீட்டு வாடகைச் சீட்டு கொண்டாந்தா எண்ணறோம்னாங்களாம். லாட்ஜுல எவன் வாடகைச் சீட்டு குடுப்பான்? நாலு வருஷமா அங்கதான் இருக்காளாம். யாரு எடுத்தாங்கன்னு கேட்டிருக்கா. காகிதத்தக் காட்டியிருக்காங்க. அடியில என் கையெழுத்து.

சத்தம் போடலை. அழலை. ‘மிஸ்டர் லிங்கம், அன்னைக்கு மழையில என்னை எங்க இறக்கிவிட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா’ன்னு கேட்டா. பெட்ரோல் பங்க்குலன்னேன். நான் வேற என்ன சொல்றது? பெட்ரோல் பங்க்குலதான இறக்கிவிட்டேன். சாவிய மேசையில வச்சுட்டுப் போனவதான், திரும்பி வரலை. என் தரப்ப ஒரு வார்த்தை கேட்டாளா? மூணு நிமிஷம் குடுத்தாளா? பதினாலு மாசம் சோறு தண்ணி புழங்கின வீடு. படுத்த படுக்கையா இருக்கற ஒருத்திய அம்போன்னு விட்டுட்டுப் போறது மட்டும் என்ன நியாயம்? சமம் சமம்னு பேசுனவ!

வெய்னும் அதுக்கப்புறம் வர்றதில்ல. செய்தித்தாள்ல லாட்ஜ் விஷயத்த எழுதிட்டாங்க. என் பேரு மட்டும் போட்டிருந்துச்சு. பாத்தா தூரத்துலேருந்து கைய ஆட்டறான், அவ்வளவுதான்.

நாலு பேரு வந்துட்டாங்க எர்லீனுக்குப் பிறகு. யாரு ஊட்டினாலும் இவ வாயத் திறக்க மாட்டா. அந்தக் கப்புல குடுத்தா மட்டும் குடிப்பா. என் கையால டம்ளர்ல குடுத்தா துப்பிடறா. எளைச்சுட்டா. நாப்பது வருஷம் கூட இருந்தவம்மா, என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறா. நம்ம பொண்ணு ஒருத்தி வந்து தமிழ்ல நாலு வார்த்தை பேசினா சரியாயிருவான்னுதான் சங்கத்துல போட்டேன். எனக்கு வேற வழி தெரியலை. பயமா இருக்கும்மா எனக்கு.

சரி, என் கதையே பேசிக்கிட்டு இருக்கேன். நீங்க ஊருல எங்க? தஞ்சாவூர்ப் பக்கமா! எந்த ஊரு? சித்தாநல்லூரா! அட, எங்க ஊருலேருந்து மூணு மைலு. அப்ப நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்னு சொல்லுங்க. சித்தாநல்லூர்ல எந்தத் தெரு? மேலத்தெருவா? பிள்ளையார் கோயில் தெருவா? அதுவும் இல்லையா, பின்ன?

ஓ. ரோட்டுக்கு அந்தப் பக்கமா.

சரி சரி. அதனால என்ன. இங்க வந்தப்புறம் அதெல்லாம் யாரு பாக்கறா. எங்கப்பா பத்தி முன்னாடி ஏதோ சொன்னேனே, அதத் தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காலம் அப்படி. உங்க தாத்தாவுக்கெல்லாம் அவரத் தெரிஞ்சிருக்கும். கேட்டுப் பாருங்க, ரொம்ப மரியாதையா சொல்லுவாங்க.

இருங்க, காபி போட்டே வச்சிருக்கேன், ஊத்தித் தர்றதுதான் பாக்கி.

இந்தாங்க. பேப்பர் கப்பா இருக்கேன்னு பாக்காதீங்க, டம்ளரெல்லாம் மெஷின்ல கழுவறதுக்குப் போட்டிருக்கேன். அலமாரியில இருக்கறதா? அது எடுக்கறதில்ல, சும்மா வச்சிருக்கறது. நீங்க வேலைக்கு வந்துட்டா உங்களுக்குன்னு அழகா ஒண்ணு வாங்கிருவோம். இலக்கியான்னு பேரு போட்டு.

மங்கை, இங்க பாரு. இந்தப் பொண்ணு உன்னப் பாத்துக்க வந்திருக்கு. நம்ம ஊருப் பக்கந்தான். வரச் சொல்லட்டுமா?

ரெண்டா? மறுபடியும் ரெண்டு. யோசிச்சுச் சொல்லு மங்கை, எர்லீன் இனிமே வர மாட்டா. வரச் சொல்லட்டுமா?

அது சும்மாம்மா. கை ஆடுது. நீங்க ஏன் எழுந்துட்டீங்க? அவகிட்டப் போயி நான் போயிடட்டுமாம்மான்னு கேக்கறீங்களே, அவளுக்கு என்ன தெரியும்? இந்த வீட்டுல எதுன்னாலும் என்கிட்டக் கேளுங்க.

ஒரே ஒரு தட்டு. அதப் போயி நீங்க கணக்குல எடுத்துக்கிட்டா எப்படி? கை தானா ஆடுதும்மா. டாக்டரே சொல்லியிருக்காரு. செருப்ப அப்புறம் மாட்டிக்கலாம், இப்படி வந்து உக்காருங்க. காபி அப்படியே இருக்கு, ஆறிடப் போவுது.